நாளைய குற்றத்துக்கு இன்றைய சிறை



'தனிமனித விடுதலையும் அரசதிகாரத்தின் எல்லையும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு இது மிகப் பெரிய தலைப்பு. லாக்கில் தொடங்கி மில், டைசி, ஐசையா பெர்லின் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அம்பேத்கரைத் தொட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்றும் நினைவிலும் நிற்காது. அதனால் நான் ஓர் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குற்றம் செய்தார் என்று நிரூபிக்காமல், செய்யக்கூடும் என்று சொல்லி ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரம். சட்டம் அதைத் தடுப்புக் காவல் என்கிறது. தெருவில் அதற்கு 'குண்டாஸ்' என்று பெயர். இடத்தையும் சுருக்கிக்கொள்கிறேன். பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே பேசப்போகிறேன். இந்த அதிகாரத்தின் வரலாறு வேறெந்த ஊரையும் விட இந்த ஊரில் அடர்த்தியானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விசாரணையற்ற தண்டனை என்று பேச்செடுத்தால் கண்ணகியைப் பாண்டியன் அவைக்கு அழைத்து வருவது நம் மேடை வழக்கம். இன்றைக்கு அவருக்கு ஓய்வு. நமக்குச் சென்னை உயர்நீதிமன்றமே போதும்.

1919 பிப்ரவரி. டெல்லியில் ஏகாதிபத்திய சட்டமன்றத்தில், விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதாக்கள் வந்தன. அவற்றுக்கு அடிப்படையான அறிக்கையைத் தந்த குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசுவாமி சாஸ்திரியும் ஒருவர். முதல் உலகப் போர் முடிந்துவிட்டது; ஆனால் போர்க்காலத்தில் கையில் கிடைத்த அதிகாரத்தைக் கீழே வைக்க அரசுக்கு மனமில்லை. 'வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை' என்று வடக்கே மக்கள் அந்தச் சட்டத்துக்கு விளக்கம் சொன்னார்கள். மசோதாவை எதிர்த்து எழுந்தவர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். மிதவாதி, அரசுக்கு வேண்டியவர் என்று பெயரெடுத்தவர். அவர் அன்று சொன்னதன் சாரம் இது: கெட்ட சட்டம் ஒன்றை நிறைவேற்றிவிட்டால் அது கெட்டவர்கள்மேல் மட்டும் பாயும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பயந்துபோன அரசு நல்லவன் கெட்டவன் பார்க்காது. அப்போது குற்றமற்றவனுக்கும் நிம்மதி இருக்காது.

இதைச் சொல்ல அவருக்கு எங்கும் போய்ச் சான்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டு முன்னால்தான், 1917 ஜூனில், சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் அரசு அன்னி பெசன்டை வழக்கின்றி விசாரணையின்றி ஊட்டியில் காவலில் வைத்திருந்தது. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மையாரிடமிருந்து சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற இந்திய பாதுகாப்பு விதிகள் தேவைப்பட்டன! சென்னை உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டிக்கப்பட்டதும் தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார். அன்றைய சென்னையில் தாராளவாதம் என்பது இப்படிப்பட்ட மனிதர்கள்தாம். பெரும்பாலும் வக்கீல்கள், தலைப்பாகைக்காரர்கள், தெருவில் இறங்காதவர்கள். அவர்களைக் கேலி செய்வது எளிது. நானும் இளமையில் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் கரைத்துக் குடித்த மில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவர். சுதந்திரம் பற்றி 1859இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூல், இந்தியர்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது என்று முதல் அத்தியாயத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறது. சாத்திய கதவை அவருடைய வாதத்தைக் கொண்டே தட்டியவர்கள் சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள். அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் மில் இன்னொன்றும் சொல்கிறார்: அரசுக்குக் குற்றத்தைத் தடுக்கும் வேலையும் உண்டு, தண்டிக்கும் வேலையும் உண்டு, இவற்றில் முன்னது பின்னதைவிட எளிதாகத் துஷ்பிரயோகம் ஆகக்கூடியது, ஏனென்றால் ஒரு மனிதனுடைய எந்த நியாயமான செயலையும் ஏதோ ஒரு குற்றத்துக்கு வசதி செய்வதாகக் காட்டிவிட முடியும். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

மசோதா சட்டமாயிற்று. 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்து கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒருநாள் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் ஒரு விடியற்காலை, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில், அங்கேதான் அவருக்குத் தோன்றியது. சீனிவாச சாஸ்திரி சத்தியாகிரகத்தை ஏற்கவில்லை. அவர் வழி வேறு. ஆனால் இருவரும் எதிர்த்தது ஒன்றையே. 1922இல் பிரிட்டிஷ் அரசே ரௌலட் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் ஆயுள் மூன்று ஆண்டு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

காந்திக்கு இடம் கொடுத்த ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். இந்தி எதிர்ப்பு மறியல் வந்ததும், பிரிட்டிஷார் காங்கிரஸை ஒடுக்கக் கொண்டுவந்த குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவை எடுத்து மறியல்காரர்கள்மேல் வீசினார். பெரியார் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போதே இறந்தார்கள், எழும்பூரில் சி.எம்.டி.ஏ. கட்டடத்துக்கு அவர்கள் பெயர்தான். அங்கே விசாரணை நடந்தது, தண்டனை விதிக்கப்பட்டது. எனவே அது தடுப்புக் காவல் ஆகாது. ஆனால் எதிரியின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியவர் அதைப் பூட்டிவிடுவார் என்ற நம்பிக்கை அன்றே போய்விட்டது. ராஜாஜிக்கு மறுபடியும் வருவேன்.

இனி 1950. குடியரசாகிப் பதினாறாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அப்போது சென்னையில் குமாரசாமி ராஜா அரசு. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, காந்தி கொலையுண்டு இரண்டே ஆண்டு, பிரிவினையின் ரத்தம் காயவில்லை. அரசுக்கு இருந்த அச்சம் கற்பனை அல்ல. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதே பிப்ரவரி இறுதியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. அரசியலமைப்பு அமலுக்கு வந்து ஒரு மாதம்!

கண்ணூர்க்காரரான ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தார். இடையில் சில வழக்குகளில் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவை ரத்தாகின. ஆனாலும் ஆள் வெளியே வரவில்லை, ஒரு காவல் உத்தரவு முடிந்தால் இன்னொன்று காத்திருக்கும். 1950 மார்ச் 1 அன்று, சிறைக்குள்ளேயே, புதிய சட்டத்தின்கீழ் புதிய உத்தரவைக் கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வாதாடியவர் சென்னையில் தொழில் நடத்திய எம்.கே. நம்பியார். எதிரில் அட்டர்னி ஜெனரல் செதல்வாட், சென்னை அட்வகேட் ஜெனரல் ராஜா ஐயர்.

வழக்கின் முடிச்சு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் இருந்தது. 'சட்டம் நிறுவிய நடைமுறைப்படி' அல்லாமல் எவருடைய உயிரையும் விடுதலையையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் என்றால் நாடாளுமன்றம் எதை நிறைவேற்றினாலும் சட்டமா, அல்லது அதில் நியாயம் என்று ஒன்று இருந்தாக வேண்டுமா? நம்பியார் இரண்டாவதைச் சொன்னார். அரசியல் நிர்ணய சபையில் இந்தச் சண்டை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அமெரிக்காவில் இருப்பதுபோல் 'நியாயமான சட்ட நடைமுறை' என்ற சொற்களைப் போடுவதாகத்தான் முதலில் இருந்தது. ஆலோசகர் பி.என். ராவ் வாஷிங்டன் போய் நீதிபதி பிராங்க்ஃபர்டரைச் சந்தித்துவிட்டு வந்து, வேண்டாம் என்றார். அங்கே அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நீதிபதிகள் தொழிலாளர் நலச் சட்டங்களை அடித்து வீழ்த்தியிருந்தார்கள் என்பது காரணம். வரைவுக் குழுவில் இருந்த நம் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் அந்தப் பக்கம் சாய்ந்தார், சொற்கள் போயின. போனதற்கு ஈடாக அம்பேத்கர் 22ஆம் பிரிவைக் கொண்டுவந்தார். அந்த ஈட்டிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. அமைதிக் காலத்தில், அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயத்துக்குள்ளேயே, விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த அரசியலமைப்பு நம்முடையது. பல ஆண்டு சிறையில் கிடந்த மகாவீர் தியாகி, வரைவுக் குழுவில் இருந்தவர்களுக்குச் சிறை அனுபவம் இல்லை என்று சபையிலேயே குத்திக்காட்டினார்.

மே 19 அன்று தீர்ப்பு. ஆறு நீதிபதிகள், பெரும்பான்மை கோபாலனுக்கு எதிர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியே சொல்லக் கூடாது என்றிருந்த 14ஆம் பிரிவை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் செல்லும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள்: தம்மை ஏன் அடைத்திருக்கிறார்கள் என்பதை நீதிபதியிடம் காட்டினால் அதுவே குற்றம் என்று ஒரு பிரிவு இருந்திருக்கிறது! மாறுபட்டு எழுதியவர் ஃபசல் அலி. உரிமைகள் தனித்தனித் தீவுகள் அல்ல, ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டியவை என்றார் அவர்.

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாதென்று குமாரசாமி ராஜா அரசு தடை விதித்திருந்தது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அன்றே டெல்லியில் வெளியான வலதுசாரி இதழான 'ஆர்கனைசர்' மீதான முன்தணிக்கையும் போயிற்று. தீர்ப்பு எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. முந்தின வாரம் கோபாலனுக்கு எதிராக நின்றவர். மாறுபட்டவர் யார்? ஃபசல் அலி. முந்தின வாரம் தனிமனித விடுதலைக்காக எழுதிய அதே கை, இந்த வாரம் அரசின் பக்கம் நின்றது. நீதிபதிகளை வீரர், கோழை என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்த எட்டு நாட்களைப் பரிந்துரைக்கிறேன். அதிகாரத்துக்கு எல்லை எது என்ற கேள்வி நேர்மையான மனிதர்களையே இப்படி அலைக்கழிக்கிறது.

தாப்பர் தீர்ப்புக்கு அரசு தந்த பதில், 1951 ஜூனில் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம். பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' புதிதாகச் சேர்ந்தது. கூடவே, வரம்பு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லும். சங்கம் அமைக்கும் உரிமையின் வரம்பில் முன்பே இருந்த அதே சொல் எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சென்னையின் இன்னொரு வழக்கு காட்டுகிறது. பாரிஸ்டர் வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை மாகாண அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. எதிர்த்து முறையிட்டால் கோப்பு ஓர் ஆலோசனைக் குழுவுக்குப் போகும். நேரில் வாதாட வழியில்லை. சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1952 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பையும் எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரிதான், இப்போது தலைமை நீதிபதியாக. நீதிமன்றத்துக்குப் பதில் ஒருதலைப்பட்சமான ஓர் ஆலோசனைக் குழு போதும் என்பதை, மிக அசாதாரணமான சூழலில் அன்றி, நியாயமான வரம்பாக ஏற்க முடியாது என்றார். சங்கத்தை மூட ஆலோசனைக் குழு போதாது. மனிதனை மூட அதுவே போதும். இன்றுவரை நிலைமை இதுதான்.

கோபாலன் 1952இல் கண்ணூரிலிருந்து மக்களவைக்குப் போனார். ஓராண்டுக்கென்று கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்து நீட்டித்து 1969 டிசம்பர் வரை கொண்டுபோனார்கள். முதல் நீட்டிப்பை 1951இல் நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்திய உள்துறை அமைச்சர், படேலுக்குப் பின் வந்த ராஜாஜி. எட்டே ஆண்டில், 1959இல், அவரே சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து நாடு முழுக்கப் பேசினார். தொழிலதிபரின் கையைக் கட்டாதே என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை 1991க்குப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உரம் விற்க லைசென்ஸ் கேட்பது கொடுமை என்று படுகிற ஒருவருக்கு, காரணம் நிரூபிக்காமல் ஆளை அடைப்பது அதைவிடப் பெரிய கொடுமையாகப் பட்டிருக்க வேண்டாமா? இந்தியாவில் தாராளவாதம் பெரும்பாலும் கடை கண்ணியோடு நின்றுவிட்டது. சிறை வாசலுக்கு அது அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. இது என் வருத்தம். இதில் அவைத் தலைவர் என்னோடு உடன்படமாட்டார் என்று தெரியும்.

1969 டிசம்பர் 31 அன்று அந்தச் சட்டம் காலாவதியாயிற்று. 1971 மே மாதம் மிசா அவசரச் சட்டம் வரும்வரை மத்திய அரசின் கையில் பொதுவான தடுப்புக் காவல் சட்டம் இல்லை. ஒன்றேகால் ஆண்டுக்கு மேல். ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை, இடையில் ஒரு பொதுத் தேர்தலே நடந்தது. நெருக்கடி நிலையில் மிசா என்ன செய்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. திமுக அரசு 1976 சனவரி 31 அன்று கலைக்கப்பட்ட சில நாட்களில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள், முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 சனவரியில் இறந்தார், நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. கம்பனில் தோய்ந்த அந்த மனிதர், இரவில் கைதிகளைத் தடியால் அடித்த கதையைச் சாட்சி சாட்சியாகக் கேட்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்தில் நான்கு நீதிபதிகள் நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே கிடையாது என்றார்கள். தனிப்பட்ட பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது என்று நீதிபதி கன்னா கேட்டதற்கு, நெருக்கடி நிலை இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று அட்டர்னி ஜெனரல் பதில் சொன்னார். மாறுபட்டு எழுதிய கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி போயிற்று. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017இல் புதைத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் ஃபசல் அலியின் பார்வை வென்றது. நடைமுறை நியாயமாக இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

அப்படியானால் கதை சுபமாக முடிந்துவிட்டதா? பாடநூல்களில் முடிந்துவிட்டது. நம் ஊரில் 'குண்டாஸ்' எனப்படும் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம் வந்தது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபசாரத் தரகர், குடிசைப் பகுதி நில ஆக்கிரமிப்பாளர் என்று முதலில் ஐந்து வகை. பிறகு ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, வனக் குற்றம், திருட்டு விசிடி, மணல் கடத்தல், இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் நீண்டது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் முதலிடம். நல்லாட்சிக்குப் பேர்போன மாநிலம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் மாநிலம்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆய்வாளர் பரிந்துரைக்கிறார், பழைய வழக்குகள் 'அட்வர்ஸ் கேஸ்', கடைசி வழக்கு 'கிரவுண்ட் கேஸ்'. உத்தரவுகளை வரிசையாகப் படித்தால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் இருக்கும். ஒருவர் கடைவீதியில் கத்தியைக் காட்டி மாமூல் கேட்கிறார், பையிலிருந்து பணத்தைப் பறிக்கிறார், தடுக்க வந்தவர்களை மிரட்டுகிறார். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குகிறார்கள், பொதுமக்கள் நாலாபுறமும் சிதறி ஓடுகிறார்கள், போக்குவரத்து நிற்கிறது. ஊர் மாறும், பெயர் மாறும், கத்தி எப்போதாவது அரிவாளாகும். ஏன் எல்லாக் கடைகளும் மூடியாக வேண்டும்? 1965இல் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டங்கள் வரைந்தார்: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டாவது வட்டத்துக்குள் வந்தால்தான் தடுப்புக் காவல் செல்லும். ஒருவன் ஒருவனைக் குத்தியது சட்டம் ஒழுங்கு. ஷட்டர் இறங்கினால் பொது ஒழுங்கு. அதனால் ஷட்டர் இறங்குகிறது.

அடுத்த வரி, ஜாமீன். 'இவர் ஜாமீனில் வெளிவர உண்மையான வாய்ப்பு உள்ளது' என்பது எல்லா உத்தரவிலும் இருக்கும். ஜாமீன் தரலாமா என்று பார்க்க ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். அவர் தந்துவிடுவாரோ என்ற கவலையில் ஆணையர் முந்திக்கொள்கிறார். 2011இல் ரேகா வழக்கில், காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகக் கைதானவர் விஷயத்தில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு சொன்னது இதுதான்: சாதாரண குற்றவியல் சட்டம் போதுமானதாக இருக்கும்போது தடுப்புக் காவல் சட்டவிரோதம். குற்றம் அருவருப்பானது, அதற்குத்தான் தண்டனைச் சட்டம் இருக்கிறது. இந்த வழக்குகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மனுதாரர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். சட்ட இதழ்களின் அந்தப் பக்கங்களில் பெண்களின் பெயர்கள் அரசுக்கு எதிரே வரிசையாக நிற்கும்.

பிறகு 'புக்லெட்'. உத்தரவுக்கு ஆதாரமான தாள்களை எல்லாம் தொகுத்து, ஐந்து நாளுக்குள் கைதியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள். நகலின் நகலின் நகல். உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரும்போது வழக்கறிஞர் அந்தப் புத்தகத்தைப் புரட்டி, இந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, இந்த ஆங்கில உத்தரவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை என்று காட்டுவார். இல்லையென்றால், கைதி அனுப்பிய முறையீடு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று கணக்குப் போடுவார். இடையில் வந்த சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறையைக் கழித்து, மிச்ச நாளுக்கு விளக்கமில்லை என்பார். உத்தரவு ரத்தாகும். நிறைய ரத்தாகின்றன. அதைக் கண்டு நீதிமன்றம் நம்மைக் காக்கிறது என்று மகிழ்வோர் உண்டு. எனக்கு அந்த மகிழ்ச்சி வருவதில்லை. மனு போட்டு, எண் வாங்கி, அரசு பதில் தாக்கல் செய்து, வழக்கு வரிசையில் மேலே வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. உத்தரவு போட்டவருக்கும் அது நிற்காது என்று தெரியும். வேண்டியது அந்த மாதங்கள்தான். இந்த ஆள் உண்மையில் ஆபத்தானவரா என்ற கேள்வியை எவரும் கேட்கவே இல்லை. ஆணையரின் 'திருப்தி'க்குள் நீதிமன்றம் நுழைவதில்லை; ஆகவே ஜெராக்ஸ் தெளிவாக இல்லாத கொலைகாரர் வெளியே வருவார், ஜெராக்ஸ் தெளிவாக உள்ள அப்பாவி பன்னிரண்டு மாதம் இருப்பார். கோபாலன் வழக்கில் நம்பியார் தோற்ற இடம் இதுதான். நடைமுறைக்குள் நியாயம் வேண்டும் என்றார். நமக்குக் கிடைத்தது நடைமுறை.

குண்டர்கள்மேல்தானே, உங்களுக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்கலாம். 2017 மே மாதம் மெரினாவில் ஈழப் படுகொலை நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்திமேல் இதே சட்டம் பாய்ந்தது. அதே ஆண்டு சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவிமேலும் பாய்ந்தது. இரண்டும் செப்டம்பரில் ரத்தாயின. அதற்குள் சிறைவாசம் முடிந்திருந்தது. சீனிவாச சாஸ்திரி 1919இல் சொன்னதற்கு நான் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த உதாரணங்களோடு நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. போராளிகளுக்குப் பேச ஆளிருக்கிறது. வியாசர்பாடியில் மூன்று பழைய வழக்குள்ள ஓர் இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கூட்டம் கூடாது. அவன் கத்தி எடுத்திருந்தால் நிரூபித்து ஏழாண்டு கொடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாட்சி சொல்ல எவரும் வருவதில்லை என்பது காவல்துறையின் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது. பயந்த சாட்சிக்குப் பரிகாரம் சாட்சியைக் காப்பது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்றது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். கையெழுத்துக்கு மை மட்டும் போதும். இங்கிலாந்திலும் 1941இல், வானத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, விசாரணையின்றி அடைக்க உள்துறை அமைச்சரின் திருப்தியே போதும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மறுத்தார். போர் முடிந்ததும் அந்தக் காவல் விதி போயிற்று. 1979இல் அதே சபை, அட்கின் சொன்னதே சரி என்றது.

நான் இந்தச் சட்டங்களை நாளையே நீக்குங்கள் என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் சிரிப்பீர்கள். 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தத்தில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. குழுவை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொல்கிறது. திருத்தத்தின் மற்ற பகுதிகள் 1979இல் அமலுக்கு வந்தன. இந்தப் பிரிவுக்கு மட்டும் இன்றுவரை தேதி குறிக்கவில்லை. தேதி குறிக்கச் சொல்லி அரசுக்கு ஆணையிட முடியாது என்று 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. இதற்கிடையே மிசா கைதிகளாக இருந்த சந்திரசேகரும் வாஜ்பாயும் பிரதமர்களானார்கள், அத்வானி உள்துறை அமைச்சரானார், நம் ஊரில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சரானார். கோப்பு அங்கேயே இருக்கிறது, 14ஆம் எண் சட்டமும் இங்கேயே இருக்கிறது.

அது டெல்லியின் வேலை. சென்னையின் வேலை ஒன்று உண்டு. ஆலோசனைக் குழுவின் முன் கைதி தம் நண்பரை அழைத்து வரலாம், வழக்கறிஞரை அழைத்து வர உரிமையில்லை. நம் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அரசியலமைப்பு அந்த உரிமையைத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் தரக் கூடாதென்று எங்கும் சொல்லவுமில்லை. புக்லெட்டின் எந்தப் பக்கம் மங்கல் என்பதைவிட, ஷட்டர் உண்மையில் இறங்கியதா என்று ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்க முடிகிற ஒரே இடம் அந்தக் குழுதான், அதுவும் முதல் ஏழு வாரத்துக்குள். அந்த ஓர் உட்பிரிவை எடுத்துவிட டெல்லி தேதி குறிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோட்டையில் ஒரு பிற்பகல் வேலை.